மேட்ச் பாக்ஸில் ஏன் 'எஸ்' இல்லை?

30 வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்த ஒரு கேள்விக்குப் பதில் இது. கேள்வியைக் கேட்டது நான் இல்லை, என்கூட ஆறாம் வகுப்பில் படித்த ஒரு பெண். பெயர் வேண்டாம்.

எங்க ஊர் இடைசெவல். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்றால் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் 1990 வாக்கில் எங்களுக்கு அவங்க ரெண்டு பேரையும் விட முக்கியமான ஆட்கள் தீப்பெட்டி லேபிளில் இருந்த சிங்கமும் கிளியும்தான். தீப்பெட்டிப் படம் சேர்ப்பது அன்றைக்குப் பெரிய சொத்து. அந்தப் பெண்ணின் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார் (எங்க பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம்). அதனால் அவளிடம் கிழியாத, ஒட்டாத புது லேபிள்கள் கட்டுக்கட்டாக இருக்கும். வகுப்பிலேயே பணக்காரி அவள்தான்.

ஒருநாள் லேபிளைக் காட்டிக் கேட்டாள். "இதுல 'சேஃப்டி மேட்சஸ்'னு போட்டிருக்கு. நம்ம புஸ்தகத்துல 'மேட்ச் பாக்ஸ்'னு இருக்கு. உள்ள இருக்கிறது அதே குச்சிதான? பெட்டிக்குள்ள போனதும் அந்த 'எஸ்' எங்க போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவன் தெரியாது என்று சொல்ல முடியுமா? "அது புஸ்தகத்துல அச்சுப்பிழை" என்று சொல்லிவிட்டேன். சொன்னதை நானே நம்பியும் விட்டேன். அடுத்த பரீட்சையில் பல் தேய்க்கிற பொருளுக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டிருந்தார்கள். ஒரு பல்லையா தேய்க்கிறோம்? 'டீத் பிரஷ்' என்று எழுதினேன். வாத்தியார் பேப்பரை வகுப்பில் சத்தமாக வாசித்தார். உள்ளங்கையில் இரண்டு அடி. அது மறந்துவிட்டது. 'டீத்து' என்கிற பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு வரை கூடவே வந்தது.

பிற்பாடு பி.இ. முடித்து, வேலைக்கு வந்து, இங்கிலீஷிலேயே சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. டேட்டாபேஸில் ஒரு டேபிளுக்குப் பெயர் வைக்கும்போது 'யூசர்' என்று வைப்பதா 'யூசர்ஸ்' என்று வைப்பதா என்று மீட்டிங்கில் சண்டை வரும். (வந்தே தீரும். எங்கள் தொழிலில் இது தென்கலை வடகலை சமாச்சாரம்.) அப்போதெல்லாம் உள்ளங்கை லேசாக அரிக்கும். அப்படித்தான் இந்த ஒற்றை 'எஸ்'ஸைத் துரத்த ஆரம்பித்தேன்.

முதலில் இங்கிலீஷ் கதையைப் பார்த்துவிடலாம்.

இங்கிலீஷில் இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்து ஒரு சொல்லாகும்போது, முன்னால் நிற்பது பெரும்பாலும் ஒருமையில்தான் நிற்கும். தேய்ப்பது 32 பல்லாக இருந்தாலும் டூத் பிரஷ். ஜோடி ஜோடியாக விற்றாலும் ஷூ கடை. இன்னும் வேடிக்கை, எப்போதும் பன்மையிலேயே இருக்கிற சொல்கூட இங்கே வந்தால் வாலைச் சுருட்டிக்கொள்ளும். விளையாட்டுக்குப் பெயர் பில்லியர்ட்ஸ், ஆனால் ஆடுகிற மேஜை பில்லியர்ட் டேபிள். போடுவது டிரவுசர்ஸ், பை மட்டும் டிரவுசர் பாக்கெட். மேட்ச் பாக்ஸும் இந்த வரிசையில்தான் வருகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1914-ல் வெளிவந்த தன் நூலிலேயே இதை விரிவாகப் பேசியிருக்கிறார். ஆனால் "ஏன்" என்பதற்கு ஒரு இயந்திரத்தை வரைந்து காட்டியவர் பால் கிபார்ஸ்கி, 1982-ல். அவர் சொன்னதை சாப்ட்வேர்காரன் பாஷையில் சொல்கிறேன். மனசுக்குள் சொல் தயாராவது ஒரு அசெம்பிளி லைன். முதல் கட்டத்தில் ஒழுங்கில்லாத உருவங்கள் தயாராகும்: மவுஸ் 'மைஸ்' ஆவது, டூத் 'டீத்' ஆவது. இரண்டாம் கட்டத்தில் சொல்லோடு சொல்லை ஒட்டுவார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் சாதாரண 'எஸ்' வந்து ஒட்டும். ஒட்டு வேலை இரண்டாவது கட்டத்திலேயே முடிந்துவிடுவதால் 'எஸ்'ஸுக்கு உள்ளே நுழைய வழியில்லை. கதவு சாத்தியாச்சு. கடைசியில் வெளியே மட்டும் ஒட்டிக்கொள்ளலாம்: மேட்ச் பாக்ஸஸ்.

இதைச் சின்னப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தவர் பீட்டர் கார்டன், 1985-ல். மூன்றிலிருந்து ஐந்து வயசு வரையான பிள்ளைகள். எலி தின்கிற பூதத்துக்கு என்ன பேர், கொசு தின்கிற பூதத்துக்கு என்ன பேர் என்கிற மாதிரி விளையாட்டுக் கேள்விகள். 'ரேட்ஸ்' என்று பன்மையில் கேட்டாலும் பிள்ளைகள் 'ரேட் ஈட்டர்' என்றே சொன்னார்கள், 'எஸ்'ஸைக் கழற்றிவிட்டு. ஆனால் 'மைஸ்' என்றால் 'மைஸ் ஈட்டர்' என்று கூச்சமில்லாமல் சொன்னார்கள். பெரியவர்கள் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. அசெம்பிளி லைன் சொல்கிறபடியே நடந்தது.

கட்டுரையின் இந்த இடத்துக்கு வந்ததும் நான் எழுந்து போய் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன். டூத்தும் மவுஸ் ஜாதிதானே! 'டீத் பிரஷ்' தப்புதான், சந்தேகமில்லை. ஆனால் இங்கிலீஷைத் தாய்ப்பாலோடு குடித்த நாலு வயசுப் பிள்ளையும் கூசாமல் செய்யக்கூடிய தப்பு அது. இரண்டு அடி கொஞ்சம் அதிகம்.

அசெம்பிளி லைன் கதையோடு விஷயம் முடியவில்லை. 2003-ல் ஹாஸ்கெல், மெக்டொனால்ட், சைடன்பெர்க் மூவரும் சேர்ந்து இதை மறுத்து எழுதினார்கள். கட்டம் கட்டமான இயந்திரம் எதுவும் தேவையில்லை, அந்த இடத்தில் வழக்கமாக வரும் சொற்களின் ஓசையையும் அர்த்தத்தையும் கேட்டுக் கேட்டே பிள்ளைகள் பழகிவிடுவார்கள் என்பது அவர்கள் கட்சி. எனக்கு இந்தப் பக்கம்தான் சாய்வு. காரணம், விதியை மீறுகிற சொற்கள் அவ்வளவு இருக்கின்றன. அவற்றைத் தேடி லண்டன் போக வேண்டாம், கோவில்பட்டியே போதும்.

ரயில்வே ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட். ஹாக்கிக்குப் பேர் போன ஊர் என்பதால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல். கடைக்காரர்கள் பல வருஷம் பயந்து வாழ்ந்த சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸ். மூன்றிலும் 'எஸ்' ஜம்மென்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எப்படி? 'குட்' வேறு, 'கூட்ஸ்' வேறு. நல்லதுகளைக் கூட்டினால் சரக்கு ஆகாது. 'எஸ்'ஸைப் பிடுங்கினால் அர்த்தமே போய்விடும். பிரிட்டிஷ்காரன் 1878-ல் கொண்டுவந்த ஆர்ம்ஸ் ஆக்டில் 'எஸ்'ஸை எடுத்தால் கைச் சட்டம் ஆகிவிடும். பன்மை உருவம் தனியாக ஒரு அர்த்தத்தைச் சம்பாதித்துவிட்டால், அதை உள்ளே விட்டுவிடுகிறார்கள். மேட்சஸுக்கு அப்படித் தனி அர்த்தம் எதுவும் இல்லை. அது வெறும் பல குச்சி.

தமிழ் இந்தச் சொற்களை வாங்கும்போது என்ன செய்தது என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். 1939-ல் ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாணத்தில் ஜெனரல் சேல்ஸ் டாக்ஸ் சட்டம் கொண்டுவந்தது. பேச்சில் 'சேல்ஸ் டாக்ஸ்' அப்படியே நின்றுவிட்டது. எழுத்துத் தமிழில் அது விற்பனை வரி. விற்பனைகள் வரி என்று யாரும் எழுதவில்லை. 2017-ல் வந்த ஜி.எஸ்.டி.யின் இங்கிலீஷ் பெயரில் கூட்ஸ், சர்வீசஸ் என்று இரண்டு பன்மை. தமிழில் சரக்கு மற்றும் சேவை வரி, இரண்டும் ஒருமை. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலை நடத்துவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். 'எஸ்' வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றப்பட்டுவிடுகிறது.

ஏன் என்றால் தமிழுக்கு அந்த இடத்தில் எண்ணிக்கை சொல்கிற வழக்கமே கிடையாது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாயில் எத்தனை கடலை? ஒரு துண்டை எடுத்து எண்ண ஆரம்பித்தேன், பாதியில் கணக்கு வயிற்றுக்குள் போய்விட்டது. எத்தனை இருந்தாலும் அது கடலை மிட்டாய். இரண்டு மாடு இழுத்தாலும் மாட்டு வண்டி. வாய் நிறையப் பல் இருந்தாலும் பல்பொடி. மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எந்தக் கண்ணுக்கு என்று பெயரை வைத்துக் கேட்பதில்லை. வ.உ.சி. எங்க பக்கத்து ஒட்டப்பிடாரத்துக்காரர். அவருடைய கம்பெனி தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விட்டது காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். பட்டம் என்னவோ கப்பலோட்டிய தமிழன்.

கி.ரா. 1982-ல் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்க ஊர்க்காரர் ஒருத்தர் தனி ஆளாக உட்கார்ந்து ஒரு வட்டாரத்தின் சொற்களைத் திரட்டிய நூல் அது. உள்ளே இருப்பது சொற்கள். அட்டையில் இருப்பது 'சொல்'. 1920-ல் தொடங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பதிப்பித்த நூல்களுக்குக் கணக்கில்லை. பெயரில் இருப்பது ஒரு நூல்.

இதை ஒருமை என்று சொல்வதே சரியில்லை என்று பிறகுதான் புரிந்தது. நன்னூல் இந்த மாதிரிச் சொற்களை 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்கிறது. அதாவது ஒன்றா பலவா என்று பிரித்துச் சொல்லாத பெயர். மாடு வந்தது என்றால் ஒன்று, மாடு வந்தன என்றால் பல. எண்ணிக்கையை வினைச்சொல் பார்த்துக்கொள்ளும். 'கள்' என்பது வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்கிற விஷயம்தான், தொல்காப்பியக் காலத்திலிருந்தே. 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும், அஃறிணைப் பெயர்கள் இங்கே பன்மை உருபு இல்லாமலே ஒன்றுக்கும் பலவுக்கும் பொதுவாக நிற்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் இருந்தது இடையன்குடி. எங்க இடைசெவலுக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு 'எஸ்'ஸைக் கழற்றவே வேண்டியதில்லை, முதலில் மாட்டினால்தானே. 'மாட்டுச் சந்தை' என்பதில் 'மாட்டு' என்பது வண்ணம் மாறிய மாடு, எண்ணிக்கை இல்லாத மாடு. மரம் 'மரத்து' ஆகும், காடு 'காட்டு' ஆகும். இல்லையென்றால் நடுவில் ஒரு க், ச், த், ப் வந்து கட்டும்: தீப்பெட்டி, செருப்புக்கடை. இந்த முடிச்சுகளே இரண்டு சொல்லையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு சோதனை செய்தேன். சனிக்கிழமை எட்டயபுரத்தில் ஆட்டுச் சந்தை கூடும். கோவில்பட்டியில் பஸ் ஏறி, "ஆடுகள் சந்தைக்கு ஒரு டிக்கெட்" என்றேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க போகணும்?" மறுபடி சொன்னேன். "ஆட்டுச்சந்தையா அண்ணாச்சி? எட்டயபுரம்னு சொல்லுங்களேன்" என்று கிழித்துக் கொடுத்தார். பக்கத்து சீட்டுப் பெரியவர் ஊர் வரும் வரை என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. அசலூர்க்காரன் என்று முடிவு பண்ணிவிட்டார் போல.

ஆனால் போர்டுகளில் கதை வேறு. திருநெல்வேலி மாவட்டத்தில் கூந்தங்குளம் பறவைகள் சரணாலயம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். இரண்டுக்கும் இங்கிலீஷ் பெயரில் பார்த்தால் பேர்ட், டைகர் என்று ஒருமைதான். இங்கிலீஷ்காரனே வேண்டாம் என்று விட்ட பன்மையை நாம் ஏன் தூக்கிச் சுமக்கிறோம்? அதே சமயம் எங்க தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாட்டில் இருப்பது வெளிமான் சரணாலயம். மான் மட்டும் தனியாக மேய்கிறதா?

என் ஊகம் இது. புதுசாகச் செய்த பெயரில் முடிச்சுப் போட எழுதுகிறவருக்கே தயக்கம். 'புலிக் காப்பகம்' என்று க் போட்டு இறுக்குவதா, 'புலி காப்பகம்' என்று விட்டுவிடுவதா? விட்டால் புலி காப்பகம் நடத்துகிற மாதிரி இருக்கிறது. 'கள்' போட்டால் இரண்டு சொல்லும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றுகொள்ளும், புலிகள் இருக்கிற காப்பகம் என்று ஒரு வாக்கியத்தின் பாதி மாதிரி. சந்தி போடத் தெரியாத ஆபீஸ் தமிழுக்கு 'கள்' ஒரு நல்ல ஊன்றுகோல். குறையாகச் சொல்லவில்லை. நானும் அந்தக் கோலை ஊன்றுகிறவன்தான்.

இங்கே தெலுங்கு பக்கம் ஒரு எட்டு வைத்துவிட்டு வர வேண்டும். கரிசலில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். கி.ரா. வீடும் அப்படித்தான். நான் சில வருஷம் ஹைதராபாத்தில் வேலை பார்த்தேன். அங்கே செருப்புக்கடை 'செப்புல ஷாப்பு'. செப்பு என்றால் ஒரு செருப்பு. செப்புலு என்றால் செருப்புகள். அந்த 'லு'தான் 'ல' ஆகி உள்ளே நிற்கிறது. புத்தகக்கடை 'புஸ்தகால ஷாப்பு', புத்தகங்களின் கடை. துணிக்கடையும் அப்படியே. அதாவது, அக்கா தங்கச்சி மொழிகளில் ஒருத்தி பன்மையைக் கூச்சமில்லாமல் உள்ளே விடுகிறாள், இன்னொருத்தி வாசலிலேயே நிறுத்துகிறாள். மலையாளம் இந்த விஷயத்தில் தமிழோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே இது மனித மூளையின் விதி என்று யாராவது சொன்னால், முதலில் அவரை ஹைதராபாத்தில் ஒரு ஜோடி செருப்பு வாங்கச் சொல்ல வேண்டும்.

ஜெர்மன்காரர்களும் இப்படித்தான். எல்.கே.ஜி.யில் வருகிற 'கே' கிண்டர்கார்டன். 1840-ல் ஃபுரோபெல் வைத்த பெயர். கிண்ட் என்றால் குழந்தை, கிண்டர் என்றால் குழந்தைகள். இங்கிலீஷ் பேசுகிற நாடுகள் எல்லாம் ஒரு பன்மையை அறியாமலே பள்ளிக்கூட வாசலில் எழுதி வைத்திருக்கின்றன.

இதுவரை மாடு, புலி, செருப்பு. மனுஷனுக்கு வந்தால் தமிழ் கணக்குப் பார்க்க ஆரம்பிக்கிறது. சங்கங்களின் பெயர்களைப் பட்டியல் போட்டுப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. விவசாயிகள் சங்கம், ஆனால் உழவர் சந்தை. வியாபாரிகள் சங்கம், ஆனால் வணிகர் சங்கம். ஒரே ஆட்கள்தான். உழவர், வணிகர் என்பதில் கடைசியில் இருக்கிற 'அர்' ஏற்கெனவே பலரைக் குறிக்கிறது, மேலே 'கள்' வேண்டாம். விவசாயி, வியாபாரி இரண்டும் வெளியிலிருந்து வந்த சொற்கள். அதில் 'அர்' இல்லை. 'விவசாயி சங்கம்' என்றால் ஒரே ஒரு விவசாயி உட்கார்ந்திருக்கிற சங்கம் போலத் தொனிக்கும். அதனால் 'கள்'. 1936-ல் லக்னோவில் உருவான கிசான் சபா இந்தியில் ஒருமையாகவே நிற்கிறது. தமிழுக்கு வந்ததும் விவசாயிகள் சங்கம் ஆனது. நடிகர் சங்கத்துக்கு இங்கிலீஷ் பெயரில் ஆர்டிஸ்ட்ஸ் என்று பன்மை உண்டு, தமிழில் 'நடிகர்' என்றே நிறுத்திவிட்டார்கள். 'அர்' போதும்.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975-ல் தொடங்கியது. பிறகு அது எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் ஆயிற்று. முன்னால் உள்ள எழுத்தாளருக்கு 'கள்' இல்லை, பின்னால் உள்ள கலைஞருக்கு உண்டு. யாருக்கோ ஓரவஞ்சனை என்று தோன்றும். ஆனால் பழைய விதிதான் அது. சேர சோழ பாண்டியர் என்று மூன்று பேரைச் சேர்த்துச் சொன்னால் பலர்பால் விகுதி கடைசி ஆளுக்கு மட்டும் வரும் என்று நன்னூல் சொல்கிறது. வேண்டுமென்றே செய்தார்களோ, காதுக்கு அப்படி வந்ததோ, 13-ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் ஆட்சேபிக்கமாட்டார்.

விவசாயிகள் சங்கம் என்றதும் கரிசல்காரனுக்கு ஒரு பெயர் ஞாபகம் வராமல் இருக்காது. கோவைப் பக்கம் வையம்பாளையத்தைச் சேர்ந்த நாராயணசாமி நாயுடு. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972-ல் கோயம்புத்தூரை வண்டிகளால் அடைத்தார்கள். அது 'மாட்டு வண்டிப் போராட்டம்'. ஆயிரக்கணக்கான வண்டி, அதைப்போல இரண்டு மடங்கு மாடு, பெயரில் ஒரு மாடும் ஒரு வண்டியும். அவர் 1984 டிசம்பரில் எங்க கோவில்பட்டிக்கு வந்த இடத்தில்தான் இறந்தார். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

மகளிர், சிறார், மக்கள் இந்த மூன்றையும் கவனியுங்கள். மகளிர் காவல் நிலையம், சிறார் இலக்கியம், மக்கள்தொகை. உருவத்திலேயே பன்மை ஊறிப்போன சொற்கள். எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கின்றன. சாதாரண 'கள்' வாசலில் நின்று அனுமதி கேட்கிறது. கார்டனின் பிள்ளைகள் மைஸை உள்ளே விட்டு ரேட்ஸை வெளியே நிறுத்தியதும் இதுவும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. இதை யாராவது முறையாகச் சோதித்தால் தேவலை.

சில இடங்களில் 'கள்' போடாவிட்டால் அர்த்தமே மாறிவிடும். பெண் மருத்துவர் வேறு, பெண்கள் மருத்துவர் வேறு. முன்னது மருத்துவரே பெண், பின்னது பெண்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 'கள்'ளை எடுத்தால் பள்ளி பெண்ணாகிவிடும். குழந்தைகள் தினம் என்றால் குழந்தைகளுக்கான நாள். 'கள்' இல்லாமல் முன்னால் நின்றால் 'இவரே அது' என்று அர்த்தம்.

குழந்தைத் தொழிலாளர்.

இந்தச் சொல்லில் 'கள்' இல்லை, 'த்' வந்து இறுக்கிக் கட்டியிருக்கிறது. தொழிலாளியே குழந்தை. இங்கிலீஷிலும் 'சைல்ட் லேபர்', சில்ட்ரன் அல்ல. 'சில்ட்ரன்' மைஸ் ஜாதி, விதிப்படி உள்ளே வந்திருக்கலாம், வரவில்லை. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில், குழந்தைகளைச் சேர்க்கக் கூடாத வேலைகளின் பட்டியலில் தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசு தயாரிப்பு மூன்றும் உண்டு. சட்டம் வந்து சில வருஷம் கழித்துத்தான் நான் ஆறாம் வகுப்பு படித்தேன். ஏழாம் வகுப்பு தொடங்கியபோது பெண்கள் பக்கத்து பெஞ்சில் இடம் தாராளமாக இருந்தது. விடியும் முன்னால் ஊர் ஊராக வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வண்டியின் ஹாரன் சத்தம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. எத்தனை பேர் போனார்கள் என்று அன்றைக்கு யாரும் வகுப்பில் எண்ணவில்லை. வாத்தியார் வருகைப் பதிவேட்டில் பெயர்களைக் கோடு போட்டு அடித்தார். லேபிள் பணக்காரியும் அந்த ஏழாம் வகுப்புக்கு வரவில்லை.

தீப்பெட்டி வரலாற்றையும் கொஞ்சம் தோண்டினேன், அவளுடைய 'சேஃப்டி மேட்சஸ்' எங்கிருந்து வந்தது என்று பார்க்க. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு திரும்பி வந்தது 1923-ல். விம்கோ ஆரம்பித்ததும் அதே 1923. அதற்கு முன்னால் இங்கே எரிந்ததில் பெரும்பங்கு ஸ்வீடன், ஜப்பான் சரக்கு. பாதுகாப்புத் தீக்குச்சியைப் பெரிய அளவில் உலகத்துக்கு விற்ற ஊர் ஸ்வீடனின் யோன்ஷோப்பிங். அவர்கள் லேபிளிலும் உள்ளே இருக்கும் சரக்கின் பெயரைப் பன்மையில்தான் போட்டார்கள். அவர்கள் மொழியிலும் பெட்டி என்று வரும்போது குச்சி பன்மையைக் கழற்றிவிட்டு நிற்கிறது. ஆக லேபிள் சொல்வது 'உள்ளே இவை இருக்கின்றன' என்று. பெட்டியின் பெயர் சொல்வது 'இது எந்த மாதிரிப் பெட்டி' என்று. எண்ணிக்கைக்கு முதலாவதில் வேலை உண்டு, இரண்டாவதில் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ரோட்டோரப் பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தினேன். கல்லாவில் அவள். முதலில் "வாங்க, எப்ப வந்தீங்க" என்றாள். கடலை மிட்டாய் ஒரு பாக்கெட்டும் ஒரு தீப்பெட்டியும் வாங்கினேன். நான் சிகரெட் குடிப்பதில்லை, எதுக்குத் தீப்பெட்டி என்று அவள் பார்த்தாள். லேபிளைத் திருப்பிக் காட்டி, நீ கேட்டியே ஞாபகம் இருக்கா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சிரித்தாள். அச்சுப்பிழை என்று நான் சொன்னதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

பதிலை முழுசாகச் சொன்னேன். கடலை மிட்டாய், மாட்டு வண்டி, கண்டக்டர் எல்லாம் சேர்த்து. நடுவில் இரண்டு பேர் வந்து பீடியும் ஷாம்பு பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீதிச் சில்லறையை என் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏல, இதுக்கா இத்தன வருஷம் எடுத்துக்கிட்ட?"